எழுந்ததும் கண் இருட்டுகிறதா?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கத்திரி வெயில் தொடங்கியிருக்கும். நம் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகவில்லையே தவிர, கரையில் வேலைக்குக் குறைவிருக்காது. படகுக்கு வர்ணம் அடிக்க வேண்டும், எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அறுந்த வலையைப் பின்ன வேண்டும். வலை வேலைக்குக் காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க மணிக்கணக்காகும். அப்படி எழுந்திருக்கும்போது எத்தனை பேருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று அங்கே கேட்டுப் பாருங்கள். "எனக்கும்தாங்க" என்று பக்கத்தில் இருப்பவரும் சொல்வார். "பித்தம்ங்க. ஒரு எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு குடிச்சா சரியாப்பூடும்" என்று வைத்தியமும் சேர்ந்தே வரும்.

பெரிய மார்க்கெட்டில் மீன் கூடைக்கு முன்னால் காலையிலிருந்து குந்தியிருக்கும் அம்மாக்களும் இதையேதான் சொல்கிறார்கள். நம் இதழுக்கு வரும் கடிதங்களிலும் இதே வரி திரும்பத் திரும்ப வருகிறது. எழுந்தால் கிர்ரென்று வருகிறது, ஒருமுறை விழுந்தேவிட்டேன், பயப்பட வேண்டுமா, சும்மா விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை முழுக்க இதற்கே கொடுத்துவிட்டேன். இது மருத்துவரின் இடத்தில் நின்று எழுதுவது அல்ல. மருத்துவரிடம் போகும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுவது.

முதலில், உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டருக்கு மேலும் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. அது வெளியே தள்ளும் ரத்தமும் குறைகிறது. நம் தலை மாடியில் வைத்த தண்ணீர்த் தொட்டி மாதிரி. கீழே இருக்கும் மோட்டாரில் அழுத்தம் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். இப்படி ஆகாமல் இருக்கக் கழுத்து ரத்தக்குழாயிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் சரிந்த அதே கணத்தில் அவை மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. உடனே இதயம் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு கூடுதலாக அடிக்கிறது, காலிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. சில விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. மூளைக்குப் போகும் ரத்தம் ஆறிலிருந்து எட்டு விநாடி நின்றால் போதும், நினைவு தப்பிவிடும். ஆகவே இந்தப் பாதையில் எங்கே தாமதம் ஏற்பட்டாலும் கண்தான் முதலில் இருட்டும்.

மருத்துவர்கள் இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். படுத்த நிலையில் ரத்த அழுத்தத்தை எடுத்து, பிறகு எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி எடுக்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், நிற்கும்போது அழுத்தம் சரிகிறது என்று பொருள். 1925இல் பிராட்பரி, எகில்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப்பட்ட மூன்று நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நூறாண்டு ஆகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. கையில் கட்டும் பட்டையும் ஒரு கட்டிலும் ஐந்து பத்து நிமிடப் பொறுமையும் இருந்தால் போதும். இத்தனை எளிய சோதனை இத்தனை அபூர்வமாகச் செய்யப்படுகிறதே என்பதுதான் என் ஆதங்கம். உட்காரவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்து "நார்மல்" என்று அனுப்பிவிட்டால், நின்றால் மட்டும் சரிகிற அழுத்தம் யார் கண்ணுக்கும் படாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "எனக்கு ஹை பிரஷர், நான் மாத்திரை சாப்பிடறேன், எனக்கெப்படி லோ ஆகும்?" என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது 150 இருப்பவருக்கு நின்றதும் 110க்கு இறங்கலாம். அந்த 40 எண் சரிவுதான் அவரைச் சாய்க்கிறது. 110 என்பது தனியாகப் பார்த்தால் நல்ல எண்ணாகக்கூடத் தெரியும்.

காரணங்களுக்கு வருவோம். நம் ஊரில் முதல் காரணம் தண்ணீர். வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறது, குடிப்பது அதில் பாதிகூட இல்லை. குறிப்பாகப் பெண்கள். தாகம் எடுத்தாலும் அவர்கள் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் வெயிலில் வேலை செய்பவர்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதையும், அதனால் சிறுநீர்த் தொல்லைகள் வருவதையும் 2016இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்கள். உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகம் வெயிலால் பாதிக்கப்படுவதைப் பற்றியும் அந்தக் குழு ஆராய்ந்திருக்கிறது. நமக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்களில் நிற்பவர்களையும், இங்கே மீன் விற்கும் அம்மாக்களையும், கட்டடத்தில் சித்தாள் வேலை பார்ப்பவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து மதியம்வரை ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் குடிக்காமல் குந்தியிருந்துவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எழுந்தால் கண் இருட்டாமல் என்ன செய்யும்? இதற்குப் பித்தம் என்று பெயர் வைத்தால் பழி அந்த அம்மாவின் உடம்பின் மேல் விழுகிறது. குறை அவர் உடம்பில் இல்லை. பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு சந்தையிலும் துறையிலும் நடந்துபோகும் தூரத்தில் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற கழிப்பறை ஒன்று இருந்தால் இந்த மயக்கத்தில் பாதி குறைந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எலுமிச்சம்பழச் சாற்றில் உப்புப் போட்டுக் குடிப்பதும், நீராகாரமும், மோரும் நல்லவைதான். அவை பித்தத்தைத் தணிப்பதால் அல்ல, தண்ணீரும் உப்பும் ரத்த ஓட்டத்துக்குத் திரும்பப் போவதால் வேலை செய்கின்றன. நம் பாட்டிமார்களின் கை சரியாகவே போயிருக்கிறது. ஆனால் உயர் ரத்த அழுத்தமோ, இதயம் சிறுநீரகம் சம்பந்தப்பட்ட நோயோ உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தவர் எழுந்ததும் தள்ளாடினால் அது களைப்பு அல்ல, உடம்பில் நீர் ஆபத்தான அளவுக்குக் குறைகிறது என்பதற்கான எச்சரிக்கை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது மிக மலிவான ஒரு பொடி: ஓ.ஆர்.எஸ். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. போங்கான் முகாமில் நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். அவர் மறைந்த பிறகு 2023இல் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது. அந்தப் பொட்டலம் இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. பழச்சுவையும் நிறையச் சர்க்கரையும் சேர்த்து அட்டைப் பெட்டியில் அதே பெயரை ஒட்டி விற்ற பானங்கள் வேறு. அப்படிப் பெயர் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டுவிட்டது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் தனியாகப் போராடியதன் பலன் அது.

டெங்குவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் அப்போதுதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். காய்ச்சல் இறங்கிய பிள்ளை எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது என்றாலோ, வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை என்றாலோ, அடுத்த நாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, ரத்தமே குறைவாக இருப்பது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 15 வயது முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தெரியவந்தது. பாதிக்கு மேல்! மாதவிலக்கில் அதிகம் போகிற பெண், பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற பெண், மாடிப்படி ஏறினால் இரைக்கிற பெண், எழுந்தால் கண் இருட்டுகிறது என்று சொன்னால் முதலில் செய்ய வேண்டியது ஹீமோகுளோபின் சோதனை. ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் வலி மாத்திரை போடுபவர்களுக்கு வயிற்றில் புண்ணாகி, வெளியே தெரியாமல் ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாகப் போகிறதா என்று கவனியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகத்தான் போகும், அது வேறு. மாத்திரை எதுவும் இல்லாமல் கறுத்துப்போய், எழுந்தால் மயக்கமும் வந்தால் அது அவசர நிலை.

இப்போது சர்க்கரை. இதைக் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர் விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023 ஜூனில் வெளியாயின. இந்தியாவில் நீரிழிவு உள்ள வயதுவந்தோர் 11.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவா மட்டுமே 26.4 என்று ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது. நாலு பேர் சேர்ந்து டீக்கடையில் நின்றால் அதில் ஒருவருக்குச் சர்க்கரை. கண்ணும் சிறுநீரகமும் கால் விரலும் கெடும் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பல வருடம் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் உத்தரவு கொண்டுபோகும் நரம்புகளையும் அரித்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கழுத்திலிருந்து "அழுத்தம் இறங்குகிறது" என்ற தகவல் போனாலும் ரத்தக்குழாய் இறுகாது, இதயத் துடிப்பும் கூடாது. பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்குச் சாப்பிட்டதும் வயிறு நெடுநேரம் கனமாகவே இருப்பது, பாதம் வேர்க்காமல் வறண்டு போவது, ஆண்மைக் குறைவு, எழுந்தால் தள்ளாட்டம் என்று சேர்ந்து வந்தால் அந்த நரம்புகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை இறங்கியதால் வரும் மயக்கம் வேறு. அது நின்றாலும் உட்கார்ந்தாலும் வரும், வேர்வையும் நடுக்கமும் பசியும் சேர்ந்து வரும். குளுக்கோமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாத்திரைகளின் பக்கம் வருவோம். வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷருக்கு ஒன்று, கால் வீக்கத்துக்கு நீர் போகும் மாத்திரை ஒன்று, புராஸ்டேட்டுக்கு இரவில் ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. நாலும் நாலு மருத்துவர்கள் எழுதியவை. ஒவ்வொன்றும் தனியாகச் சரிதான். நாலும் சேர்ந்து இரவு இரண்டு மணிக்கு அவரைக் கழிப்பறை வாசலில் தள்ளுகின்றன. புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், பிராசோசின் போன்றவை ரத்தக்குழாயைத் தளர்த்துபவை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும், மன அழுத்தத்துக்கான சில மருந்துகளும், பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவும் நிற்கும்போது அழுத்தத்தை இறக்கக் கூடியவை. போதாக்குறைக்கு, படுத்துக் கிடந்த உடம்பு, நிறைந்த சிறுநீர்ப்பை, அவசரம், இருட்டு. நின்றபடி சிறுநீர் கழிக்கும்போதோ கழித்து முடித்ததுமோ சாய்ந்துவிடும் ஆண்கள் உண்டு. வயதானவர் இரவில் உட்கார்ந்து கழிப்பதே நல்லது. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த எத்தனையோ பெரியவர்களின் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒரே மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். நேரத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதுண்டு.

ஸ்டீராய்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி விழித்துக்கொள்ள நாளாகும். அதுவரை அழுத்தம் தங்காது. அந்தச் சுரப்பியே கெட்டுப்போகும் நோயை 1855இல் தாமஸ் அடிசன் விவரித்தார். அன்று அதற்கு முக்கியக் காரணம் காசநோய். காசநோய் இன்னும் போகாத நம் நாட்டில் அதை மறக்கக் கூடாது. உடம்பு இளைத்து, உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்து, உப்பின் மேல் ஆசை வந்து, எழுந்தால் மயக்கமும் இருந்தால் மருத்துவரிடம் இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நின்றுகொண்டே இருப்பதால் வரும் மயக்கம் இன்னொரு வகை. பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசையில் நிற்கும் பெண் பிள்ளை திடீரென்று வெளுத்து, வேர்த்து, சரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதயம் வேகமெடுக்க வேண்டிய நேரத்தில் நரம்பு தவறான கட்டளை கொடுத்து அதை மெதுவாக்கிவிடுகிறது. புழுக்கம், வெறும் வயிறு, ரத்தத்தைப் பார்த்த அதிர்ச்சி, ஊசி, துக்கவீட்டு நெரிசல் எல்லாமே இதைத் தூண்டும். பெரும்பாலும் ஆபத்தில்லாதது. வாழ்நாளில் மூன்றில் ஒருவராவது ஒருமுறை மயங்கி விழுகிறார்கள், அவர்களில் பெரும்பகுதி இப்படித்தான். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது இந்தக் கோணத்திலும் நல்ல காரியம். ஆனால் ஆபத்தில்லாத மயக்கமும் வெயிலோடும் கூட்டத்தோடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 அக்டோபர் 6 சாட்சி. சென்னை மெரினாவில் விமானப்படை சாகசக் காட்சி பார்க்கப் போன கூட்டத்தில் பலர் மயங்கி விழுந்தார்கள், ஐந்து பேர் இறந்தார்கள்.

நமக்கும் கூட்டங்கள் உண்டு. மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரை, ஆடி வெள்ளியில் தேங்காய்த்திட்டுக்கு எதிர்க்கரையில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர், ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தின் முன் மெடல்களோடு விறைப்பாக நிற்கும், பிரெஞ்சுப் படையில் இருந்த நம் சொல்தா தாத்தாக்கள். அசையாமல் நிற்பதுதான் எதிரி. நிற்க வேண்டியிருந்தால் குதிகாலை ஏற்றி இறக்குங்கள், கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்துங்கள். கண் மங்கத் தொடங்கினால் கால்களைக் குறுக்கே பின்னித் தொடைகளை இறுக்குங்கள், முஷ்டியை மடக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வெட்கப்படாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். விழுந்து மண்டை உடைவதைவிட அது மேல்.

ஒரு சினிமா வழக்கத்தால் நேரும் கெடுதலையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான பெண் மயங்கினால் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு நல்ல செய்தி என்று சொல்வதைப் பார்த்துப் பார்த்து நம் வீடுகளிலும் அதே எதிர்பார்ப்பு வந்துவிட்டது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அழுத்தம் இறங்குவது உண்மை. ஆனால் கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கி வெடித்தாலும் மயக்கம்தான் வரும். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் வலியும் மயக்கமும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கர்ப்பமே இல்லாத பெண்ணாக இருந்தால், அவள் மயக்கத்துக்கு யாரும் காரணம் தேடுவதே இல்லை. ரத்தசோகையும், வாதக்காய்ச்சலால் கெட்ட இதய வால்வும் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கின்றன.

அழுத்தம் சரியாமலே வரும் தலைசுற்றலும் உண்டு. படுக்கையில் புரண்டாலே உலகம் சுழல்கிறது, மேல் அலமாரியைப் பார்க்க நிமிர்ந்தால் சுழல்கிறது, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் காதுக்குள் உள்ள நுண்கற்கள் இடம் மாறியதால் வருவது. அதற்குத் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எளிய பயிற்சியே மருந்து. இளம்பெண்கள் சிலருக்கு நின்றால் அழுத்தம் இறங்காது, ஆனால் பத்து நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு 30க்கு மேல் ஏறிவிடும். படபடப்பு, களைப்பு, தள்ளாட்டம். மனப்பிரமை என்று சொல்லி அவர்களை ஒதுக்குவது அநியாயம். அது பெயருள்ள ஒரு கோளாறு, வைத்தியமும் உண்டு.

எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ வரும் மயக்கம், படுத்திருக்கும்போதே வரும் மயக்கம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வெட்டிப்போட்டதுபோல் விழுவது, நெஞ்சுவலி அல்லது படபடப்போடு வருவது, குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இ.சி.ஜி. எடுக்காமல் திரும்பி வராதீர்கள். பேச்சு குழறினாலோ முகம் கோணினாலோ கை மரத்துப்போனாலோ அது பக்கவாதம், 108தான்.

யாராவது மயங்கி விழுந்தால் நாம் முதலில் செய்வது தவறாகவே இருக்கிறது. தூக்கி உட்காரவைத்து, முகத்தில் சோடா அடித்து, வாயில் தண்ணீர் ஊற்றுகிறோம். உடம்பு தானாகவே படுத்து மூளைக்கு ரத்தத்தை வரவழைத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதை மறுபடி நிமிர்த்துகிறோம். நிமிர்த்தாதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை ஒரு கூடையின் மேலோ நாற்காலியின் மேலோ உயர்த்துங்கள். சட்டையைத் தளர்த்துங்கள், கூட்டத்தை விலக்குங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. மயக்கத்தில் கை கால் லேசாக இரண்டு மூன்று முறை வெட்டினால் உடனே வலிப்பு என்று முடிவு கட்டி இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதும் வேண்டாம். சாதாரண மயக்கத்திலும் அப்படி வெட்டும். சில விநாடிகளில் தெளிந்து ஆளை அடையாளம் கண்டுகொண்டால் அது பெரும்பாலும் மயக்கம். நாக்கின் ஓரம் கடிபட்டு, தெளிந்த பிறகும் பல நிமிடம் குழம்பியிருந்தால் வலிப்பாக இருக்கலாம். பார்த்தவர் சொல்லும் சாட்சியம்தான் மருத்துவருக்குப் பெரிய உதவி, ஆகவே கூடப் போங்கள். ஒரு நிமிடத்துக்குள் தெளியாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். அரைமயக்கத்தில் இருப்பவரை ஆட்டோவில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோவது நல்லதல்ல.

அன்றாட வாழ்க்கைக்குச் சில பழக்கங்கள் போதும். காலையில் விழித்ததும் எழாதீர்கள். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். எழுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் பலருக்கு நன்றாகவே தாங்குகிறது. வயிறு முட்டச் சாப்பிட்டதும் எழுந்து வெயிலில் நடக்காதீர்கள். வயதானவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு அழுத்தம் இறங்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுவது நல்லது. மதுவும் ரத்தக்குழாயைத் தளர்த்தும், உடம்பின் நீரையும் வெளியேற்றும். வெயிலில் வேலை முடித்துவிட்டு நேராகச் சாராயக் கடைக்குப் போகும் தம்பிகளுக்கு இதை வீட்டில் யாராவது அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

மருத்துவத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. பக்கத்துத் தெருவில் சுகாதார நிலையம் இருக்கிறது. அடுத்தமுறை எதற்காகப் போனாலும் சரி, "எழுந்தா கண் இருட்டுதுங்க, படுக்கவச்சு ஒருமுறையும் நிக்கவச்சு ஒருமுறையும் பிரஷர் பாருங்க" என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அப்படி எடுத்து, இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பையிலேயே போட்டுவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்